முதலீடு வாங்கும் முன்பே வெளியேறும் வழியைத் திட்டமிடுதல்

தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆன இளம் நிறுவனருக்கு, அதை விற்பது பற்றிப் பேசுவதே அபசகுனமாகத் தோன்றலாம். ஆனால் வெளியாரின் பணத்தை வாங்கும் நாளிலேயே அந்த முடிவின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிடுகிறது. வளரும் புதிய நிறுவனங்களில் முதலீடு செய்யும் வென்ச்சர் கேபிடல் நிதிகள் பொதுவாக எட்டு முதல் பத்து ஆண்டுகளுக்கெனத் திரட்டப்படுகின்றன. அந்தக் கெடுவுக்குள் பணத்தைத் திருப்பி எடுத்தாக வேண்டும் என்பதால், விற்பனையோ பொதுப் பங்கு வெளியீடோ எத்தனை ஆண்டுகளுக்குள் நடக்க வேண்டும் என்பதைப் பங்குதாரர் ஒப்பந்தத்திலேயே அவர்கள் சேர்த்துவிடுவார்கள். நிறுவனத்தைக் கடைசிவரை தம் கையிலேயே வைத்திருக்க விரும்புவோர், ஸோஹோவைப் போல வெளிமுதலீடு இல்லாமல் வளர்வதே நேரான வழி.

முதலீடு வாங்குவதென்று தீர்மானித்தால், எந்தத் தொகை வந்தால் விற்கச் சம்மதிப்பீர்கள் என்பதை இணை நிறுவனர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக் கடன் இருப்பவரும் இல்லாதவரும் ஒரே தொகையை எழுதுவது அரிது. அந்த வேறுபாட்டை இப்போதே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

ஒப்பந்தத்தில் மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டியது 'லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்', அதாவது விற்பனைத் தொகையில் முதலீட்டாளருக்குள்ள முன்னுரிமை. முதலீட்டாளர் 20 கோடி ரூபாய் போட்டு 30 சதவீதப் பங்கு வைத்திருக்கிறார், உங்களிடம் 50 சதவீதமும் ஊழியர்களிடம் 20 சதவீதமும் உள்ளன, நிறுவனம் 30 கோடிக்கு விலைபோகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பங்குக்கு 15 கோடி கிடைக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒரு மடங்கு முன்னுரிமை இருந்தால், முதலீட்டாளர் முதலில் 20 கோடியை எடுத்துக்கொள்வார். மீதியுள்ள 10 கோடியை நீங்களும் ஊழியர்களும் பிரித்துக்கொள்ளும்போது உங்களுக்கு வருவது ஏறத்தாழ 7.14 கோடி. அந்த முன்னுரிமை 'பார்ட்டிசிபேட்டிங்' வகையாக இருந்தால், மீதித் தொகையிலும் அவர் 30 சதவீதம் பெறுவார். உங்கள் கைக்கு 5 கோடிதான் வரும். ஆகவே கையெழுத்திடும் முன் 30, 60, 100 கோடி என வெவ்வேறு விலைகளுக்கு யார் யாருக்கு எவ்வளவு என்பதை எக்செல்லில் கணக்கிட்டுப் பாருங்கள். 'பார்ட்டிசிபேட்டிங்' வேண்டாம் என்று வாதாடுவது, நிறுவனத்தின் மதிப்பீட்டைச் சற்று உயர்த்தக் கேட்பதைவிடப் பெரும்பாலும் அதிகப் பயன் தரும் என்பது என் கருத்து.

அடுத்தது உரிமைப் பத்திரங்கள். ஊழியர் தம் பணியின்போது எழுதும் மென்பொருள் நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை நிறுவனத்துக்கே சொந்தம். ஃப்ரீலான்சராக ஒரு நண்பர் எழுதித் தந்த நிரல் அப்படியல்ல. எழுத்து மூலம் மாற்றித் தராதவரை அதன் உரிமை அவரிடமே இருக்கும். எழுதி வாங்கும்போதும் காலத்தையும் நிலப்பரப்பையும் குறிப்பிடத் தவறினால், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கும் இந்தியாவுக்கும் மட்டுமே செல்லும். விலை பேசி முடித்த பிறகு வாங்குபவரின் வழக்கறிஞர்கள் இதைக் கண்டுபிடித்தால் விலை குறையும், அல்லது பேரமே முறியும். டொமைனும் டிரேட்மார்க்கும் உங்கள் சொந்தப் பெயரில் இருந்தால் உடனே நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

வாங்க யாரேனும் முன்வரும்போது, மொத்தத் தொகையைவிட அதில் எவ்வளவு அன்றே ரொக்கமாகக் கைக்கு வரும் என்பதைப் பாருங்கள். ஒரு பகுதி எஸ்க்ரோவில், அதாவது நிபந்தனைகள் நிறைவேறும்வரை மூன்றாம் தரப்பினர் வைத்திருக்கும் கணக்கில், நிறுத்தப்படலாம். இன்னொரு பகுதி அடுத்த ஆண்டுகளின் இலக்குகளை எட்டினால்தான் கிடைக்கலாம். பட்டியலிடப்படாத பங்குகளை 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால்தான் 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி பொருந்தும் என்பதால், விற்பனைத் தேதியைக் குறிக்கும் முன் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது பலரை ஈர்த்திருக்கிறது. எனினும் பங்கு வெளியீடு முழு வெளியேற்றம் ஆகாது. இந்தியாவில் பட்டியலிட்டால், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிகளின்படி புரமோட்டர்களின் (நிறுவனத்தைத் தொடங்கி அதைக் கட்டுப்படுத்துவோரின்) குறைந்தபட்ச 20 சதவீதப் பங்கு பொதுவாக 18 மாதங்கள் முடக்கப்பட்டிருக்கும்.

மூடுவதற்கும் ஒரு திட்டம் வேண்டும். ஊழியர்களின் மூன்று மாதச் சம்பளம், பிஎஃப், டிடிஎஸ், ஜிஎஸ்டி பாக்கி ஆகியவற்றைக் கூட்டி, வங்கி இருப்பு அந்தத் தொகையைத் தொட்டதும் மூடும் பணியைத் தொடங்குவது என்று இயக்குநர் குழுவில் இப்போதே தீர்மானம் போட்டுவையுங்கள். கடன் பாக்கியில்லாத நிறுவனம்தான் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி பதிவேட்டிலிருந்து தன் பெயரை நீக்கக் கோரி எளிதாக விண்ணப்பிக்க முடியும்.