ஃபாமிலி பேசிக் டேப் லோட் ஆகாத கதை

நிண்டெண்டோவின் ஃபாமிகாம் வீடியோ கேம் கருவிக்கு 1984-இல் வந்த கீபோர்டும், அதில் பேசிக் மொழியில் புரோகிராம் எழுத உதவும் ஃபாமிலி பேசிக் கார்ட்ரிட்ஜும் கைக்கு வந்தன. கூடவே, புரோகிராமை ஒலியாகப் பதிந்து வைத்த ஒரு பழைய கேசட். டேப் தேய்வதற்குள் கணினியில் ஒலிக்கோப்பாக மாற்றி, ஃபோனிலிருந்து கீபோர்டுக்கு அனுப்பினேன். லோட் கொடுத்தால் திரை சும்மா காத்துக்கொண்டே இருந்தது.

நான்கு நாள் போனது. ஜாக்கைத் துடைத்தேன், ஒயரை இரண்டு முறை மாற்றினேன், சத்தத்தை ஏற்றி இறக்கினேன். கார்ட்ரிட்ஜின் இரண்டு பேட்டரிகளைக்கூட மாற்றினேன். அவை புரோகிராமை நினைவில் வைக்கத்தான், இதற்குச் சம்பந்தமே இல்லை.

அப்புறம் இயர்போனில் கேட்டேன். புரோகிராமின் 'கீ' என்ற சத்தம் வலது காதில் மட்டும்! மோனோ டேப்தானே என்று பதியும்போது வலதுக்கான சிவப்பு பிளக்கை மட்டும் செருகியிருந்தேன். கீபோர்டின் துளையோ மோனோ. அதில் ஸ்டீரியோ பிளக்கைச் செருகினால் இடது பக்கம் மட்டும்தான் உள்ளே போகும். வலதுக்கான வளையம் எர்த்தோடு ஒட்டிவிடும். ஆக, நான் அனுப்பியது வெறும் மௌனம்.

கோப்பில் வலதை இடதுக்கும் நகலெடுத்து, சத்தத்தை முக்கால் பங்கில் வைத்தேன். முதல் முறையிலேயே லோட் ஆகிவிட்டது.