கொழும்பு வானொலியில் பத்து நிமிடம் உலகம் பேசுவது எப்படி

கொழும்புத் தமிழ் வானொலிகளில் உலக நடப்பு பேச வருகிற புதியவர்கள் பெரும்பாலும் "இன்றைய சர்வதேச அரசியல் சூழமைவில்" என்றுதான் தொடங்குகிறார்கள். வெள்ளவத்தையில் தேங்காய் துருவிக்கொண்டு கேட்கும் அன்ரி அந்த இடத்திலேயே கவனத்தை அடுப்புப் பக்கம் திருப்பிவிடுவார். வானொலி ஓடும், அவ்வளவுதான்.

நான் வாரத்தில் ஒரு மாலை உலக நடப்பு, விமானப் பயணம், பண்பாடு மூன்றையும் கலந்து பேசுகிறவள். ஏன் கலக்கிறீர்கள் அக்கா, மூன்று பகுதியாகப் பிரிக்கலாமே என்று தயாரிப்பாளர் தம்பிமார் கேட்பதுண்டு. நம் நேயர் வீடுகளில் மகன் டொரன்டோவில், மருமகள் லண்டனில், அடுத்த வீட்டுப் பிள்ளை டோஹாவில் வேலை. அவர்களுக்கு உலக அரசியல் என்பது யார் எந்தப் பக்கம் என்பதல்ல, பிள்ளையின் பிளேன் நேரத்துக்கு வருமா என்பதுதான். ஆகவே தலைப்பைப் பத்திரிகையில் தேடாதீர்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி ஏறுகிறவர்களிடம் தேடுங்கள்.

ஒரு உதாரணம். கைப்பையில் கொண்டுபோன தேசிக்காய் ஊறுகாயைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிட்டார்கள் என்று ஒரு அம்மா புலம்புகிறார். அவருக்கு அது ஊறுகாய்ப் பிரச்சினை. உங்களுக்கு அது பத்து நிமிடம். 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து வட அமெரிக்காவுக்குப் பறக்கும் விமானங்களில் குளிர்பானப் போத்தல்களுக்குள் திரவ வெடிபொருளைக் கொண்டுபோகத் திட்டமிட்டவர்களைப் பிரித்தானியப் பொலிஸ் பிடித்தது. முதல் சில நாட்கள் அங்கே கைப்பைக்கே அனுமதியில்லை. அந்த வருட நவம்பரில் ஐரோப்பாவில் 100 மில்லிலீட்டர் விதி வந்தது, பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. களி போல இருக்கும் எதுவும் அந்த விதியில் திரவம்தான், எனவே ஊறுகாயும் திரவம். இப்போது பையின் உள்ளே இருப்பதை முப்பரிமாணமாகக் காட்டும் புதிய சிடி (CT) ஸ்கேனர் வைத்த சில விமான நிலையங்கள் விதியைத் தளர்த்திவருகின்றன. ஆனால் இடைவழியில் மாறும் விமான நிலையம் தளர்த்தியிருக்க வேண்டிய கட்டாயமில்லை, போத்தல் அங்கே போய்விடும். ஆகவே பெட்டிக்குள் வையுங்கள் அம்மா. பயங்கரவாதம், தொழில்நுட்பம், நம் சமையலறை மூன்றும் வந்துவிட்டன, "சர்வதேச" என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை.

பெரிய செய்தி வரும் நாளிலும் இதே வழிதான். 2025 ஜூன் 23 மாலை கட்டார் தன் வான்பரப்பைச் சில மணி நேரம் மூடியது. அன்றுதான் ஈரான் அங்குள்ள அல் உதெய்த் என்ற அமெரிக்கப் படைத்தளத்தின் மீது ஏவுகணை வீசியது. டோஹாவை நோக்கி வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களில் இறங்கின. கொழும்பில் இருந்து ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போகிற எத்தனையோ பேர் டோஹாவில்தான் விமானம் மாறுகிறார்கள். இப்படியான இரவில் ஈரானின் அணு ஒப்பந்த வரலாற்றோடு தொடங்குகிறவர் நேயரை இழந்துவிடுவார். "டோஹா வழியாக டிக்கட் வைத்திருப்பவர்கள் இப்போது செய்ய வேண்டியது" என்று தொடங்குங்கள். விமான நிலையத்துக்குப் புறப்படும் முன் விமான நிறுவனத்தின் செயலியைப் பாருங்கள், டிக்கட்டை நீங்களே ரத்து செய்யாதீர்கள், நிறுவனம் ரத்து செய்தால்தான் பணமோ வேறு விமானமோ கேட்கும் பிடி உங்களுக்கு இருக்கும். இதைச் சொல்லி முடித்த பிறகு கேட்பவருக்குக் காது திறந்திருக்கும். அப்போது ஈரானைப் பற்றிப் பேசலாம். வானம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் அங்கே பொருந்தும். தன் நிலத்துக்கு மேலுள்ள வான்பரப்பின் மீது ஒவ்வொரு நாட்டுக்கும் முழு அதிகாரம் உண்டு என்பது 1944 சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவு. அதனால்தான் ஒரு நாடு கதவைச் சாத்தினால் மற்றவர்கள் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது. 2022இல் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்பரப்பு மூடியபின் ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போன விமானம் பதின்மூன்று மணி நேரம் எடுத்தது.

யாருக்குத் தடை என்பதையும் சரியாகச் சொல்லுங்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்பரப்பை மூடியபோது அந்தத் தடை இந்திய விமானங்களுக்கானது. "பாகிஸ்தான் வானம் மூடப்பட்டது" என்று மொட்டையாகச் சொன்னால், வேறு நாட்டு விமானத்தில் லண்டன் போகிறவரும் சேர்ந்து பயப்படுவார்.

விபத்துச் செய்தியில்தான் வானொலிக்காரர்கள் அதிகம் கெட்டுப்போகிறார்கள். நான் இதில் பிடிவாதக்காரி. 2025 ஜூன் 12 அஹமதாபாத்தில் விழுந்த ஏர் இந்தியா விமானத்தில் 242 பேர் இருந்தார்கள், ஒருவர் மட்டும் உயிர் தப்பினார், தரையில் 19 பேர் இறந்தார்கள். அன்று மாலைக்குள்ளேயே காரணம் தெரிந்தவர்கள் எத்தனை பேர்! ஒரு மாதத்தில் வந்த முதற்கட்ட அறிக்கை, இரண்டு எரிபொருள் சுவிட்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த நிலைக்குப் போனதாகச் சொன்னது. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டதும், நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதும் அதில் உண்டு. யார் கேட்டார், யார் பதில் சொன்னார் என்று அறிக்கை சொல்லவில்லை. ஆனால் அதை வாசித்த அரை நாளில் ஒரு விமானியைக் குற்றவாளியாக்கிப் பேசி முடித்துவிட்டார்கள். அந்த விமானிக்கும் வீட்டில் வானொலி இருக்கும், கேட்க ஆட்கள் இருப்பார்கள். ஐநாவின் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, இந்த விசாரணைகளின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல. ஆகவே மூன்று வாக்கியம் போதும்: அறிக்கை சொல்வது இது, சொல்லாதது இது, இறுதி அறிக்கை வரும்வரை காத்திருப்போம். தயாரிப்பாளர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

விமானம் காட்டும் செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃப்ளைட்ரேடார்24ஐ இப்போது எல்லாரும் வைத்திருக்கிறார்கள். மகன் வரும் பிளேன் கடலுக்கு மேலே காணாமல் போய்விட்டது என்று நேரலையில் அழுதுகொண்டு அழைப்பார்கள். விமானம் அனுப்பும் சமிக்ஞையைத் தரையிலுள்ள கருவிகள்தான் பெரும்பாலும் பிடிக்கின்றன, நடுக்கடலில் அந்தக் கருவி இல்லை, அதனால் படம் மறைகிறது. கரை நெருங்கியதும் திரும்ப வரும். இதை நிதானமான குரலில், அழைத்தவரின் பெயரைச் சொல்லி, இரண்டு தடவை சொல்லுங்கள்.

நேரம் சொல்லும்போது கொழும்பு நேரம் மட்டும். லண்டன் கோடையில் நம்மைவிட நாலரை மணி பின்னால், குளிரில் ஐந்தரை. டொரன்டோ கோடையில் ஒன்பதரை, குளிரில் பத்தரை. இந்தக் கணக்கைக் காகிதத்தின் மேல் மூலையில் எழுதி வைத்துக்கொண்டு நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், நேயரைப் போடவைக்காதீர்கள்.

எழுதுவதைப் பொறுத்தவரை, காதுக்கு எழுதுங்கள். "மேற்கூறிய" என்று வானொலியில் எதுவும் இல்லை, கேட்பவரால் மேலே போய்ப் பார்க்க முடியாது. பெயரைத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு எண்ணுக்கு மேல் வேண்டாம். நிமிடத்துக்குச் சுமார் நூறு சொல் என்று கணக்கு வைத்தால் மூச்சு வாங்காமல் பேசலாம். 1925 டிசம்பரில் ஒலிபரப்பு தொடங்கிய ஊர் இது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்களான கே. எஸ். ராஜாவின் வேகத்தையும் பி. எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் கேட்டு வளர்ந்த காதுகள் இன்னும் இருக்கின்றன. ராஜாவின் வேகத்தைப் பின்பற்றப் பார்க்காதீர்கள், அது அவருக்குத்தான் வரும். ஹமீதின் உச்சரிப்பைக் கட்டாயம் பழகுங்கள். ழகரம் பிசகினால் தெஹிவளையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் உறுதியாக அழைப்பார்.

பண்பாட்டுப் பகுதியைச் செய்தி வறண்ட வாரத்துக்கு என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்த பகுதி. நோன்பு மாதத்தில் கொழும்பிலிருந்து ஜித்தாவுக்கு மாலையில் பறப்பவர் எப்போது நோன்பு திறப்பது? பூமி நிலநடுக்கோட்டில் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது, விமானம் சுமார் 900 கிலோமீட்டரில் மேற்கே ஓடுகிறது. சூரியன் இறங்கும் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். போதாததற்கு 35,000 அடி உயரத்தில் அடிவானம் தாழ்ந்து போவதால் இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் சூரியன் தெரியும். இந்த எண்கள் எல்லாம் உங்கள் காகிதத்துக்கு. மைக்கில், "கடைசி ஒரு மணி நேரம் அங்கே இரண்டு மணி நேரமாக நீளும்" என்றால் போதும். மார்க்கத் தீர்ப்பு சொல்வது நம் வேலையல்ல, ஒரு மௌலவியைத் தொலைபேசியில் அழைத்து அவரிடம் விட்டுவிடுங்கள். முஸ்லிம்கள் நிறைய வாழும் மருதானையிலும் மாளிகாவத்தையிலும் அன்று யாரும் வேறு அலைவரிசைக்குப் போகமாட்டார்கள்.

பழைய கதையும் பேசலாம், இன்றைய செய்தியோடு ஒட்டினால். 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் போன இந்தோனேசியப் பயணிகளைக் கொண்டுவந்த டச்சு விமானம் கட்டுநாயக்கவில் இறங்க வந்தபோது மஸ்கெலியாப் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரும் இறந்தார்கள். ஹஜ் காலத்தில் இதைச் சொன்னால் தோட்டப் பகுதிகளிலிருந்து அழைப்புகள் வரும், அப்பா சொன்னது, தாத்தா பார்த்தது என்று. அப்போது நீங்கள் பேசாமல் இருங்கள். அவர்கள் பேசட்டும்.

மற்ற அழைப்புகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. "எல்லாம் அமெரிக்காவின் வேலை தங்கச்சி" என்று ஒரு அண்ணன் ஒவ்வொரு வாரமும் வருவார். வாதாடாதீர்கள். "எந்த வேலை அண்ணா, ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சொன்னால் அது நல்ல உரையாடல், சொல்லாவிட்டால் அவரே முடித்துக்கொள்வார். வாட்ஸ்அப்பில் வந்தது என்று தொடங்குகிறவரிடம், யார் வெளியிட்டது என்று மரியாதையாகக் கேட்டு, பதில் இல்லையென்றால் அடுத்த அழைப்புக்குப் போங்கள். ஒரு இனத்தையோ மதத்தையோ திட்டத் தொடங்கினால் இசையைக் கூட்டி இணைப்பைத் துண்டிக்கும்படி கலையகத் தம்பிக்குக் கையசையுங்கள். கையசைப்பு என்ன என்பதை நிகழ்ச்சிக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காசு. இந்த வேலைக்குப் பெரிய தொகை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் எவ்வளவு, எப்போது, கையிலா வங்கியிலா என்று முதல் நிகழ்ச்சிக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரு நிலையம் எனக்கு இன்னும் இரண்டு மாதக் கொடுப்பனவு தர வேண்டும். இரவு நிகழ்ச்சியென்றால் திரும்பிப் போகும் த்ரீவீல் காசையும் சேர்த்தே பேசுங்கள்.