புவேர்ட்டோ வயார்த்தா விழாக்கள்: வெளியூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவின் சுதந்திர தினம் மே 5 என்று அமெரிக்காவில் வாழும் நம்மவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்குள்ள உணவகங்களும் மதுக்கடைகளும் அந்த நாளைக் கொண்டாடுகிற விதம் அப்படி. உண்மையில் அது 1862-இல் பூவெப்லா நகரத்தில் இக்னாசியோ சரகோசா என்ற தளபதியின் படை பிரெஞ்சுப் படையை விரட்டியடித்த நாள். பூவெப்லாவுக்கு அது பெருநாள். பசிபிக் கரையில், ஹலிஸ்கோ மாநிலத்தின் ஓரத்தில் இருக்கும் புவேர்ட்டோ வயார்த்தாவில் அன்றைக்கு ஊர்மக்கள் வழக்கம்போல் வேலைக்குப் போவார்கள். தேசிய விழாவைப் பார்க்கவென்று மே முதல் வாரத்தில் அங்கே அறை எடுப்பவர்களுக்குக் கடல் மட்டும்தான் மிஞ்சும். மே மாதம்தான் தோது என்றால் கடைசி வாரத்துக்குப் போகலாம். 1918 மே 31 அன்று இது தனி நகராட்சியானது. சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 1968-இல் அதே தேதியில் நகரம் என்ற தகுதி கிடைத்தது. ஊரின் பிறந்தநாள் அது.

தேதி சரியாகத் தெரிந்தவர்களும் ஒரு நாள் பிந்திப் போய்விடுகிறார்கள். நாட்காட்டியில் சுதந்திர தினம் செப்டம்பர் 16. 1810-இல் அந்த நாளின் விடிகாலையில் தொலோரெஸ் என்ற சிற்றூரின் பாதிரியார் மிகேல் இடால்கோ கோயில் மணியை அடித்து மக்களைத் திரட்டினார். ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான போர் அங்கே தொடங்கி 1821 வரை நடந்தது. ஆனால் அந்த மணியோசையை நாடு நினைவுகூர்வது முந்தைய நாள், 15-ஆம் தேதி இரவு. தலைநகரில் குடியரசுத் தலைவர் செய்வதை ஒவ்வோர் ஊரிலும் மேயர் செய்கிறார். வயார்த்தாவில் நகராட்சி மாளிகைக்கு முன்னால், கடலைப் பார்த்த சதுக்கத்தில் சாயங்காலமே கூட்டம் சேர்ந்துவிடும். இரவு பதினொரு மணி வாக்கில் இடால்கோ, மொரேலோஸ், ஹோசெஃபா ஓர்த்தீஸ் என்று விடுதலைப் போரின் தலைவர்கள் ஒவ்வொருவர் பெயராக அழைக்கப்பட, கூட்டம் “வீவா!” (வாழ்க!) என்று பதில் கொடுக்கும். கடைசியில் “வீவா மெஹிக்கோ!” மூன்று முறை. பிறகு மணி, தேசிய கீதம், வாணவேடிக்கை. 16-ஆம் தேதி காலையில் பள்ளிப் பிள்ளைகளும் படையினரும் தீயணைப்பு வீரர்களும் குதிரைக்காரர்களும் அணிவகுத்துப் போவார்கள். அன்று மதியம் வந்து இறங்குகிறவர் பார்ப்பது பெருக்கி முடித்த தெருவைத்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2006 முதல் பிப்ரவரி 5, மார்ச் 21, நவம்பர் 20 ஆகிய மூன்று நாட்களுக்கான விடுமுறையைத் திங்கட்கிழமைக்கு நகர்த்திவிடுகிறார்கள். செப்டம்பர் 16-ஐ அப்படி நகர்த்துவதில்லை. ஆகவே நவம்பரில் புரட்சி நாள் ஊர்வலம் பார்க்க விரும்புகிறவர்கள் விடுமுறை நாளை வைத்துக் கணக்குப் போடாமல், நகராட்சி அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. 1910-இன் புரட்சிக்காரர்களைப்போல வேடமிட்டு, மையால் மீசை வரைந்துகொண்டு வரும் குழந்தைகள் அந்த ஊர்வலத்தின் அழகு. படம் எடுக்கு முன் கூட நடக்கும் தாயிடமோ ஆசிரியரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள். கேட்காமல் எடுப்பது எந்த ஊரிலும் தவறுதான்.

நடத்தையில் நேரும் தவறுகளில் என் மனத்தை மிகவும் உறுத்துவது தேசிய கீத நேரத்தில் நடப்பது. அதுவரை பாட்டும் கூச்சலுமாக இருந்த சதுக்கம் ஒரே கணத்தில் நிமிர்ந்து நிற்கும். தொப்பிகள் கழலும். வலது கையை மார்பின் குறுக்கே, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி நெஞ்சருகே வைத்து வணங்குவார்கள். கொடி, சின்னம், கீதம் மூன்றுக்கும் அங்கே 1984-இல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. கீதத்தின் சொல்லையோ இசையையோ மாற்றிப் பாடுவதைச் சட்டமே தடுக்கிறது. வெளிநாட்டவர் அந்த வணக்கத்தைச் செய்ய வேண்டியதில்லை. அசையாமல் நின்றால் போதும். அந்த நேரத்தில் பீர் புட்டியோடு நடமாடுவதும், பின்னால் நிற்கும் முதியவருக்கு மறைக்கும்படி கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பதும், பாட்டுக்கு ஆடுவதுபோல் அசைவதும் வேண்டாம். ஆகஸ்ட் கடைசியிலிருந்தே தள்ளுவண்டிகளில் கொடிகள் விற்பனைக்கு வந்துவிடும். ஒன்று வாங்கிக் கையில் பிடியுங்கள், ஊர்க்காரர்களுக்கு அது சந்தோஷம். அதைக் கடற்கரையில் விரித்துப் படுப்பதும், ஊர்ப் பெயரோ தங்கள் பெயரோ அதன்மேல் எழுதுவதும் அந்தச் சந்தோஷத்தைக் கெடுத்துவிடும்.

உடை விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. அந்த இரவில் மெக்சிகோக்காரர்களே பெரிய சொம்ப்ரேரோவும் (அகன்ற விளிம்புத் தொப்பி) ஒட்டுமீசையும் வைத்துக்கொண்டு வருவார்கள். ஆகவே தாங்களும் அப்படி வந்தால் என்ன என்று வெளியாட்கள் கேட்பதுண்டு. தங்கள் வீட்டுப் பெருமையோடு மெக்சிகோக்காரர்கள் போட்டுக்கொள்வதையே, அந்த நாட்டு மக்களைப் பற்றிய கேலிச்சித்திரமாக வெளியாட்கள் நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது அவர்கள் நினைவில் இருக்கிறது. பூவேலை செய்த ரவிக்கையோ சால்வையோ நெய்தவரிடமே பேரம் பேசாமல் வாங்கி அணியுங்கள். மீசையை அவர்களுக்கே விட்டுவிடலாம்.

கூட்டத்தில் சில நேரம் அரசியல் முழக்கமும் எழும். அதில் சேர்ந்து குரல் கொடுப்பது உற்சாகமாகத் தோன்றலாம். ஆனால் மெக்சிகோ அரசியல் சட்டத்தின் 33-ஆம் பிரிவு வெளிநாட்டவர் நாட்டின் அரசியலில் எவ்வகையிலும் தலையிடக் கூடாது என்கிறது. விலகி நில்லுங்கள்.

தேச விழா செப்டம்பரோடு முடிந்தது, டிசம்பரில் நடப்பது வெறும் மதச் சடங்கு என்று பிரித்துப் பார்ப்பதும் தவறு. 1810-இல் இடால்கோ படைக்கு முன்னால் தூக்கிச் சென்ற கொடியில் இருந்தது மெக்சிகோ மக்கள் வணங்கும் மரியன்னையான குவாதலூப்பே மாதாவின் படம். வயார்த்தாவின் முதன்மைக் கோயிலும் அவள் பெயரில்தான். அதன் கோபுரத்தின் மேலிருந்த கிரீடம் 1995 நிலநடுக்கத்தில் விழுந்தபோது ஊர் அதை மறுபடி செய்து ஏற்றிவைத்தது. டிசம்பர் 1 முதல் 12 வரை ஒவ்வொரு மாலையும் அந்தக் கோயிலை நோக்கி ஊர்வலங்கள் போகும். ஹோட்டல் பணியாளர்கள், கடைக்காரர்கள், வாகன ஓட்டிகள், தெருவாசிகள், குடும்பங்கள் என்று குழுகுழுவாக, தங்கள் முறைக்கு வருவார்கள். இறகுக் கிரீடம் சூடி, கணுக்காலில் விதைச் சலங்கை கட்டிய ஆட்டக்காரர்கள் முன்னால் வருவார்கள். வண்டியில் மாதாவாகவும், அவள் காட்சி தந்ததாக நம்பப்படும் ஹுவான் தியேகோவாகவும் வேடமிட்ட பிள்ளைகள். உங்களுக்குக் காலையில் படுக்கை விரித்த பெண்மணி அந்த வரிசையில் மெழுகுவத்தியோடு நடந்துகொண்டிருக்கலாம்.

இந்த ஊர்வலத்தை யாரும் சுற்றுலாப் பயணிக்காக நடத்தவில்லை. வரிசையை ஊடறுத்துத் தெருவைக் கடப்பது, படத்துக்காக ஆட்டக்காரர்களை நிறுத்துவது, ஆடுகிறவர் கையில் காசு திணிப்பது, இவையெல்லாம் அதை மறந்ததால் வருபவை. கடற்கரை நடைபாதையிலிருந்து கோயில் எட்டிவிடும் தூரம்தான் என்பதால் நீச்சலுடையோடு உள்ளே நுழைந்துவிடுகிறவர்களும் உண்டு. தோளையும் காலையும் மூடும் துணி ஒன்று பையில் இருக்கட்டும். அதிகாலை வேட்டுச் சத்தத்தைப் பற்றி ஹோட்டல் வரவேற்பறையில் புகார் சொல்வதால் பயனில்லை. தூக்கம் முக்கியமென்றால் அந்தப் பன்னிரண்டு நாட்களில் ஊர் நடுவில் அறை எடுக்காதீர்கள்.

பட்டாசு பற்றி ஓர் எச்சரிக்கை. காளை வடிவக் கூட்டில் வெடி கட்டி, அதை ஒருவர் தோளில் சுமந்து கூட்டத்துக்குள் ஓடும் ‘தொரீத்தோ’ வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் சதுக்கத்தின் நடுவில் நிற்கக் கூடாது, நைலான் துணியும் வேண்டாம். மணலில் தாங்களே வாணம் விடுவது அதைவிட மோசம். செப்டம்பர் அந்தக் கரையில் ஆமைகள் முட்டையிடும் பருவம். சென்னைக் கடற்கரைக்கு வரும் அதே பங்குனி ஆமைதான். இரவு வெளிச்சம் கரையேறும் தாயை விரட்டும், குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுக்கும். 1990 முதல் கடலாமை வேட்டைக்கு மெக்சிகோ தடை விதித்திருக்கிறது. அந்த ஊரில் முட்டைகளைக் காப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாடு வீணாகக் கூடாது.

செப்டம்பர் மழையையும் லேசாக எண்ண வேண்டாம். புழுக்கமும் சாயங்கால இடிமழையும் அன்றாடம். 2021 ஆகஸ்டில் ‘நோரா’ புயலின்போது நகரைக் குறுக்கே வெட்டி ஓடும் குவாலே ஆறு பெருகிப் பாலத்தைச் சாய்த்தது. 2023 அக்டோபரில் ‘லிடியா’ நகருக்குத் தெற்கே கரை கடந்தது. விமானச் சீட்டைத் தேதி மாற்றும் வசதியோடு எடுங்கள்.

சைவர்களுக்குச் சாப்பாட்டில் கவனம் தேவை. விழா இரவின் உணவான பொசோலே, சோளமும் பன்றி இறைச்சியும் சேர்ந்த குழம்பு. இறைச்சியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதீர்கள், சாறே அதில்தான் வெந்தது. அவரைமசியலிலும் தமால் என்ற சோளமாவுக் கொழுக்கட்டையிலும் பன்றிக்கொழுப்பு (மன்தேக்கா) இருக்கக்கூடும், “மன்தேக்கா இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சுட்ட சோளக்கதிர், பழத்துண்டு, செம்பருத்திப் பானம் ஆகியவற்றை நம்பலாம். வண்டிக்காரரிடம் 500 பெசோ நோட்டை நீட்டினால் சில்லறை இருக்காது.

வயார்த்தா அமைந்திருக்கும் வளைகுடாவின் வடகரையில், நயாரித் மாநிலப் பக்கத்து விடுதிகளில் தங்குகிறவர்கள் திரும்பும் வழியை முன்பே யோசிக்க வேண்டும். வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கிளம்பும். நடுநகரத் தெருக்கள் அடைத்திருக்கும், டாக்ஸி கிடைக்காது. 15-ஆம் தேதி ஒரு இரவுக்காவது சதுக்கத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் அறையைச் சில வாரங்களுக்கு முன்பே பிடித்துவிடுங்கள். காலை ஊர்வலத்துக்கும் அதுவே வசதி.