ஊர்ச் சுவத்துல 96 ஆடு வரையிறது எப்படி

ஸ்கூல் சுவரு, நூலகச் சுவருன்னு எங்க ஆடு வரைஞ்சிருந்தாலும் பாருங்க, பஞ்சு மூட்டைக்கு நாலு கால் வச்ச மாதிரி சீமை ஆடுதான் நிக்கும். நம்ம செம்மறிக்கு ஏதுங்க அவ்ளோ முடி? தொங்குன காது, நீட்டு காலு, ஒட்டுன வயிறு, அதான் நம்ம ஆடு. அதனால முதல் வேலை பெயிண்ட் வாங்குறது இல்ல, உங்க பக்கத்து ஆடு எதுன்னு போய் பாக்குறது. தூத்துக்குடி, விருதுநகர் பக்கம்னா வெம்பூர் ஆடு, வெள்ளை உடம்புல செங்காவி திட்டுத் திட்டா இருக்கும். ராமநாதபுரம் பக்கம் கீழக்கரிசல், உடம்பு பழுப்பு, வயிறு கருப்பு. சேலம், ஈரோடுன்னா மேச்சேரி, இளம்பழுப்பு. பஞ்சு ஆடுதான் வேணும்னா ஊட்டிக்காரங்க வரைஞ்சுக்கலாம், நீலகிரி ஆட்டுல மெரினோ கலப்பு இருக்கு, அவங்களுக்கு அது பொருந்தும்.

எத்தனை ஆடு வரையிறதுன்னு கேட்டா நான் 96னு சொல்லுவேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுல ஒரு நந்தா விளக்குக்கு (அணையாம எரியிற விளக்கு) 96 ஆடு கணக்கு. அந்த ஆடுகளை இடையர்கிட்ட ஒப்படைப்பாங்க, அவர் தினமும் ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். "சாவா மூவாப் பேராடு"ன்னு எழுதுவாங்க, அதாவது சாகாத, மூப்படையாத ஆடு. நிஜத்துல ஆடு சாகாம இருக்குமா என்ன, குட்டிய வளத்து எண்ணிக்கை குறையாம பாத்துக்கிறது அவர் பொறுப்பு. இந்த மாதிரி கல்வெட்டு சோழ நாட்டுக் கோயில்கள்ல நிறைய இருக்கு, உங்க ஊர் பழைய கோயில்லயும் இருக்கான்னு விசாரிச்சுப் பாருங்க, இருந்தா அந்த எண்ணிக்கையையே சுவத்துக்கு எடுத்துக்கோங்க.

அடுத்து ஆடு மேய்ச்ச பெரியவங்க, அம்மாக்கள் கூட ரெண்டு நாள் உக்காந்து பேசணும், போன்ல ரெக்கார்ட் போட்டுக்கோங்க (கேட்டுட்டு போடுங்க). கிடை (எருவுக்காக ராத்திரி மந்தைய வயல்ல அடைக்கிறது) யார் வயல்ல போட்டாங்க, கூலி நெல்லா காசா, எந்த மாசம் கிளம்பி எந்த வழியா போவாங்க, இதெல்லாம் கேட்டா படம் தானா வந்துரும். "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்"னு ஒருத்தராவது சொல்லுவாரு, அதையே சுவத்துல எழுதலாம். தொரட்டி, தூக்குவாளி, மழைக்குத் தலையில போட்டுக்கிற கொங்காணி, குட்டி அடைக்கிற மூங்கில் கூடு, இதையெல்லாம் நேர்ல பாத்து வரைங்க, கற்பனைல வரைஞ்சா அவங்களே சிரிச்சுருவாங்க. கஷ்டமான கதையும் வரும். டெல்டா பக்கம் கடனுக்காக சின்னப் பசங்களை கொத்தடிமையா கிடைக்கு அனுப்புனது உண்டு, அதை மறைச்சுட்டு வெறும் அழகு மட்டும் வரையிறதுல எனக்கு உடன்பாடு இல்ல, மந்தைக்குப் பின்னாடி தனியா ஒரு சின்னப் பையன் நின்னா போதும், தெரிஞ்சவங்களுக்குப் புரியும்.

இப்ப சுவரு. பஞ்சாயத்துலயோ ஸ்கூல்லயோ எழுத்துல அனுமதி வாங்கிருங்க, அப்பவே சாதிப் பேரு, கட்சிக் கலரு, உபயதாரர் போட்டோ எதுவும் வராதுன்னும் பேசிருங்க, பின்னாடி பேச முடியாது. ஐப்பசி, கார்த்திகைல ஆரம்பிக்காதீங்க, தை, மாசி நல்லது. புதுப் பூச்சுன்னா 28 நாளாவது காய விடணும். பழைய சுண்ணாம்பு இருந்தா சுத்தமா சுரண்டணும், நான் ஒரு தடவை சோம்பேறித்தனமா அது மேலயே அடிச்சேன், ஆறே மாசத்துல ஆடு தோலோட உரிஞ்சு வந்துச்சு. சுரண்டி, கழுவி, காஞ்ச பிறகு எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட்டு, அப்புறம் எமல்ஷன் ரெண்டு கோட்டு.

30 அடி நீளம், 8 அடி உயரம்னு வச்சுக்குவோம். கீழ 2 அடி ஓதம் ஏறும், அங்க ஆடு வேண்டாம், கருமண் கலர் பட்டையா விட்ருங்க. மீதி 6 அடியில ஆளுக்கு ஒண்ணேகால் அடி நீளம்னு வரிசைக்கு 24, 4 வரிசைல 96 ஆடு சரியா உக்காரும், ஆனா அப்படியே வரிசையா நிப்பாட்டுனா ரேஷன் கடை கியூ மாதிரி ஆயிரும். நடுவுல நெருக்கமா, ஓரத்துல சிதறலா விடுங்க. மத்தியான வெயில்ல செம்மறி ஒண்ணோட வயித்து நிழல்ல இன்னொண்ணு தலைய விட்டுக்கிட்டு நிக்கும்ல, அந்தக் கூட்டம் ஒண்ணு கட்டாயம் இருக்கட்டும்.

96ஐயும் கையால வரைய வேண்டாம், பழைய ஃபிளெக்ஸ் பேனர்ல ஸ்டென்சில் வெட்டிக்கோங்க (எலெக்ஷன் முடிஞ்சா எங்கயும் கிடைக்கும்). மேயுறது, நடக்குறது, படுத்திருக்குறது, திரும்பிப் பாக்குறது, பால் குடிக்கிற குட்டியோட தாய்னு 5 வெட்டுனா திருப்பிப் போட்டா 10 ஆச்சு. ஸ்டென்சில்ல ஸ்பாஞ்சால ஒத்தி எடுங்க, பிரஷ்ஷை நனைச்சு இழுத்தா பெயிண்ட் அடியில ஓடிரும். உடம்பு ஸ்டென்சில்ல, திட்டும் கண்ணும் மட்டும் கையால, அதை ஊர்ப் பிள்ளைங்க கையில குடுத்துருங்க, ஒரு ஆடு மாதிரி இன்னொண்ணு இருக்காது. பின்னணிக்கு இந்த அளவுச் சுவத்துக்கு தோராயமா 5 லிட்டர் போதும், ஆட்டுக்கெல்லாம் வெள்ளை 1 லிட்டரும் கலர் கலக்குற ஸ்டெயினர் பாட்டில் நாலஞ்சும் வாங்கிக் கலந்துக்கலாம்.

நாய மறந்துறாதீங்க. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர்ல பல்லவர் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு, எருமை மந்தைக்காக செத்த வீரன் பக்கத்துல கோவிவன்னு அவனோட நாயும் நிக்குது, கள்ளனைக் கடிச்சுக் காத்துச்சுன்னு பேரோட எழுதியிருக்காங்க. நியூசிலாந்துல டெக்காப்போ ஏரிக்கரைல மந்தை நாய்க்கு வெண்கலச் சிலை வச்சது 1968ல, நம்மாளுங்க பதிமூணு நூற்றாண்டு முன்னாடியே கல்லுல வச்சுட்டாங்க. அதனால உங்க ஊர் கிடை நாய் பேரைக் கேட்டு நாய்க்குக் கீழ எழுதிருங்க.

முடிச்சதும் ஸ்டென்சிலையும் மிச்ச பெயிண்டையும் தூக்கிப் போடாதீங்க. மூடிய இறுக்கி நூலகத்துல ஒரு மூலைல வச்சிருங்க. ஒவ்வொரு மழை முடிஞ்சதும் பசங்களை விட்டு எண்ணச் சொல்லுங்க, 91தான் தெரியுதுன்னா அன்னைக்கே 5 ஆட்டைத் திரும்ப ஒத்தி எடுத்து 96 ஆக்கிருங்க.