வெயில் விழாத சுவருக்கு ஏறுகொடி ஹைட்ரேஞ்சா

இங்கிலாந்தில் வீட்டின் வடக்குச் சுவர் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். வெயில் விழாத அந்தச் சுவருக்காகவே பிறந்ததுபோல ஒரு கொடி உண்டு: ஏறுகொடி ஹைட்ரேஞ்சா. ஜப்பான், கொரியாக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் இது, நம் மிளகுக்கொடி போலவே பற்றுவேர் விட்டு ஒட்டிக்கொள்ளும். பந்தலும் கம்பியும் வேண்டாம். 10 மீட்டருக்கு மேலும் ஏறும். குளிர்காலம் இதற்கு அவசியம், அதனால் நம் ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்படாதீர்கள்.

முதலில் சுவரைப் பாருங்கள். பெயின்ட் அடித்த சுவரும் காரை உதிரும் சுவரும் வேண்டாம். பின்னால் கொடியைப் பிய்த்தால் வேர்த்தடம் போகாது.

இலையுதிர் காலத்திலோ வசந்தத்திலோ நடுங்கள். சுவரடியில் மழை சரியாக விழாது, மண் காய்ந்தே இருக்கும். ஆகவே சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளிக் குழி எடுங்கள். செடி இருக்கும் தொட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம், அதே ஆழம் போதும். மட்கு கலந்து, செடியைச் சுவர்ப் பக்கம் சாய்த்து நட்டு, அது தானாகப் பற்றும்வரை ஒரு குச்சியில் தளர்வாகக் கட்டிவிடுங்கள். மேலே இலைமட்கு மூடாக்கு; தண்டை ஒட்டிப் போடவேண்டாம். முதல் இரண்டு கோடையிலும் மண் காயவிடாமல் வேர்வரை நனையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

அப்புறம்தான் கஷ்டமான கட்டம்: காத்திருப்பது. முதல் மூன்று வருடம் கொடி அசையாததுபோல இருக்கும். அந்த நேரத்தில் அது வேர் பிடிக்கிறது. பலர் இங்கேதான் பொறுமை இழந்து பிடுங்கிவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். என் கொடி ஐந்தாம் வருடம்தான் பூத்தது. நடுவில் பொடிப்பொடியாய் மொட்டு, சுற்றிலும் வெள்ளை இதழ்கள். ஜூன் மாலையில் அந்த இருட்டுச் சுவரே வெளிச்சமானது. சில ஹைட்ரேஞ்சாக்களைப் போல மண்ணை மாற்றினால் இதுவும் நீலமாகுமா என்று கேட்காதீர்கள், இது வெள்ளைதான்.

கவாத்து, பூ முடிந்த உடனே. அடுத்த வருடப் பூ இந்த வருடத் தண்டில்தான் வரும், வசந்தத்தில் வெட்டினால் பூ போச்சு. குளிர்காலத்தில் இலை கொட்டி, பட்டை உரிந்து பட்டுப்போனதுபோல நிற்கும். பயப்படவேண்டாம், கணுவில் மொட்டு இருக்கும்.

இன்னொரு செடி வேண்டுமா? தாழ்ந்த கிளையொன்றை மண்ணில் பதியம் போட்டு, ஒரு கல்லை மேலே வையுங்கள். வேர் பிடித்ததும் வெட்டிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.