கத்திக் காயத்திலிருந்து சி3 வரை: நிரப்புப் புரதங்களைத் தாளில் வரைந்து படிப்போம்

தேயிலைக் கவ்வாத்து மலையில் கத்தி தவறி விரலில் பட்டுவிட்டது. மண்ணோடு பற்றீரியாவும் உள்ளே போய்விட்டது. அதை எதிர்க்க இரத்தத்தில் 30க்கும் மேற்பட்ட புரதங்கள் ஏற்கெனவே மிதக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்வது ஈரல். இவைதான் நிரப்புப் புரதங்கள். இவற்றில் சிலவற்றுக்கு சி1 முதல் சி9 வரை பெயர். ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள்.

படி 1. தாளின் நடுவில் சி3 என்று எழுதி வட்டமிடுங்கள். புதிதாகப் படிப்பவர்கள் சி1இல் தொடங்கித்தான் குழம்புகிறார்கள். ஒரு லீற்றர் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஏறத்தாழ ஒரு கிராம் சி3 உண்டு. இந்தப் புரதங்கள் விழித்தெழும் எல்லா வழியும் இங்கேதான் வந்து சேரும்.

படி 2. மேலிருந்து சி3க்கு மூன்று கோடுகள். முதலாவது, பிறபொருளெதிரி (கிருமியில் ஒட்டி அதை அடையாளம் காட்டும் புரதம்) வழி: பற்றீரியாவில் ஒட்டிய பிறபொருளெதிரியை சி1 பிடிக்கும், பிறகு சி4, அதன்பின் சி2. கண்டுபிடித்த ஒழுங்கில் எண் வைத்ததால் 1, 4, 2, 3 என்றுதான் வரும், மாற்றி எழுதிவிடாதீர்கள். இரண்டாவது, பற்றீரியாவின் மேலுள்ள மன்னோசுச் சர்க்கரையை லெக்டின் என்ற புரதம் பிடிக்கும் வழி. மூன்றாவதற்கு யாரும் தூண்ட வேண்டியதில்லை. சி3 தண்ணீரோடு சேர்ந்து எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே விழித்துக்கொண்டிருக்கும்.

படி 3. இதை நிதானமாக வரையுங்கள், விஷயம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. சி3 வெட்டுப்பட்டால் சி3ஏ என்ற சிறு துண்டும் சி3பி என்ற பெரிய துண்டும் கிடைக்கும். வெட்டிய கணத்தில் சி3பியில் மறைந்திருந்த ஒரு பிணைப்பு திறக்கும். கண் இமைப்பதற்குள் அது பக்கத்திலுள்ள பரப்பில் ஒட்ட வேண்டும். தவறினால் தண்ணீர் பிடித்து வீணாகிவிடும். ஒட்டிய சி3பியோடு பி காரணி என்ற இன்னொரு புரதம் சேரும், அந்த பி காரணியை டி காரணி என்ற புரதம் வெட்டும், அந்தச் சோடி இன்னும் பல சி3களை வெட்டும். ஆகவே சி3பியிலிருந்து சி3க்குத் திரும்பும் அம்புக்குறி கட்டாயம் வேண்டும். ஒன்று பலவாகப் பெருகுவது அந்த அம்பால்தான்.

படி 4. கீழே மூன்று விளைவுகள். சி3பி போர்த்திய பற்றீரியாவைத் தின்குழியங்கள் விழுங்கும். சி3 போலவே சி5உம் சி5ஏ, சி5பி என வெட்டுப்படும். சி3ஏ, சி5ஏ இரண்டும் காயத்தைச் சிவந்து வீங்கவைக்கும். வெண்குருதிக் கலங்களை அங்கே அழைப்பது முக்கியமாக சி5ஏ. சி5பி முதல் சி9 வரை கூடி பற்றீரியாவின் மென்சவ்வில் ஏறத்தாழ 10 நனோமீற்றர் துளை போடும். சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டெஃபிலோகொக்கஸுக்குச் சுவர் தடிப்பு, துளை வேலை செய்யாது. அதை விழுங்கித்தான் ஒழிக்க வேண்டும்.

படி 5. சிவப்புப் பேனையால் தடைகளைப் போடுங்கள்: எச் காரணி, சிடி55, சிடி59. நிரப்புப் புரதங்களிடமிருந்து நம் கலங்களைக் காக்கும் புரதங்கள் இவை. செங்குருதிக் கலங்களில் சிடி55, சிடி59 இல்லாமல் போனால் நம் நிரப்புப் புரதங்களே அவற்றை உடைத்துவிடும். மறுபக்கம், சி5 முதல் சி9 வரை ஏதாவது குறைந்தவருக்கு மெனிஞ்சோகொக்கஸ் (மூளைக்காய்ச்சல் தரும் பற்றீரியா) தொற்று திரும்பத் திரும்ப வரலாம்.

பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பவர்களுக்கும் ஒன்று. 1895இல் ஜூல்ஸ் போர்டே என்ற பெல்ஜிய விஞ்ஞானி சீரத்தைச் சூடாக்கினார், பற்றீரியாவைக் கொல்லும் சக்தி போய்விட்டது. புதிய சீரம் சேர்த்ததும் திரும்பிவந்தது. 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைத்தாலே நிரப்புப் புரதங்களின் செயல் போய்விடும். தோட்டத்திலிருந்து கண்டி வரை ஐஸ் இல்லாமல் போகும் மாதிரியிலும் மெல்ல மெல்லக் குறையும். நிரப்புப் புரதங்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் சிஎச்50 பரிசோதனை என்றால் சீரத்தை உடனே பிரித்து உறையவைத்து அனுப்பச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ போட்ட குழாயில் எடுத்தால் இந்தப் புரதங்களுக்குத் தேவையான கல்சியமும் மக்னீசியமும் கட்டுப்பட்டுவிடும், நோயே இல்லாதவருக்கும் அறிக்கை குறைவாகவே வரும்.