குமானோ வனப்பாதை: தகிஜிரியிலிருந்து ஹோங்கு வரை நடப்பவர்களுக்கு

ஜப்பானின் பெருந்தீவான ஹோன்ஷூவிலிருந்து பசிபிக் பெருங்கடலை நோக்கித் தெற்கே நீண்டு கிடக்கும் கீ தீபகற்பம் பெரும்பாலும் மலைக்காடு. அதன் தென்பகுதியைக் குமானோ என்பார்கள். அங்குள்ள ஹோங்கு, ஹயதாமா, நாச்சி என்ற மூன்று பெருங்கோயில்களை நோக்கிக் கியோட்டோ, கோயாசான், ஈசே ஆகிய இடங்களிலிருந்து வரும் பழைய நடைவழிகளுக்குக் குமானோ கோடோ என்று பொதுப்பெயர். 2004-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவ்வழிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவற்றுள் கோஹேச்சி என்பது கோயாசானிலிருந்து ஹோங்குவுக்குச் சுமார் 70 கிலோமீட்டர் செல்லும் வழி. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மூன்று கணவாய்களை ஏறி இறங்க வேண்டும். குளிர்காலத்தில் பனியும் மூடும். மலைநடையில் பழகாதவர்கள் அதில் தொடங்க வேண்டாம். முதன்முறையாகச் செல்பவர்களுக்கு ஏற்றது, அரச பரிவாரங்கள் நடந்து சென்ற நாகாஹேச்சி வழி. அதில் தகிஜிரியிலிருந்து ஹோங்கு வரையிலான 38 கிலோமீட்டரை நடப்பது குறித்தே இக்கட்டுரை.

இவ்வழியில் பேருந்தும் உண்டு. ஹொஷின்மோன் என்ற இடம் வரை வண்டியில் சென்று, அங்கிருந்து ஹோங்குவுக்கு ஏழு கிலோமீட்டர் மட்டும் நடந்து திரும்புபவர்கள் பலர். முதியவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் அது நல்ல ஏற்பாடு. நடக்கும் வலிமை உள்ளவர்கள் மூன்று நாட்களை ஒதுக்கித் தகிஜிரியிலிருந்தே நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதினோராம் நூற்றாண்டு முதல் ஓய்வுபெற்ற பேரரசர்கள் கியோட்டோவிலிருந்து இங்கு மீண்டும் மீண்டும் வந்தார்கள். கோ-ஷிரகாவா முப்பது முறைக்கு மேல் வந்ததாகக் குறிப்புகள் சொல்கின்றன. போய்த் திரும்ப ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்த அந்தப் பயணத்தில், வழிநெடுக ஓஜி எனப்படும் சிறு சந்நிதிகளில் நின்று நீராடியும் வழிபட்டும் சென்றார்கள். நடையின் சிரமமே அவர்களுக்கு வழிபாடாக இருந்தது. பின்னாளில் எளிய மக்களும் எறும்புச் சாரையாகத் திரண்டார்கள். பெண்களுக்கும் நோயுற்றோருக்கும் பல புனித மலைகள் தடை விதித்திருந்த காலத்தில், குமானோ எவரையும் திருப்பி அனுப்பவில்லை. ஹோங்குவுக்கு அருகிலுள்ள ஃபுஷியோகாமி சந்நிதியை அடைந்தபோது மாதவிலக்கு நேர்ந்ததால் இனி உள்ளே போக இயலாதென வருந்திய கவிஞர் இஸுமி ஷிகிபுவைக் கனவில் இறைவனே அழைத்ததாக ஒரு மரபுக்கதை உண்டு. கடைசி ஏழு கிலோமீட்டரை மட்டும் நடப்பவர்களும் அந்தச் சந்நிதியைக் கடந்துதான் செல்வார்கள். ஆயினும் இரண்டு நாள் களைப்போடு அங்கே வந்து சேர்பவர்களுக்கு அந்தக் கதை வேறு விதமாக விளங்கும்.

ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் நடைக்கு ஏற்றவை. ஜூனில் மழைக்காலம் தொடங்குகிறது; ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் புயல்கள் வரும். ஜப்பானிலேயே மிகுதியாக மழை பெய்யும் வட்டாரங்களுள் இதுவும் ஒன்று. தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலுள்ள ஒவாசே நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. ஆகவே எந்த மாதத்தில் சென்றாலும் மழைச்சட்டையும் முதுகுப்பைக்கான உறையும் கட்டாயம் வேண்டும். பாசி படிந்த பழைய கல்பாவிய தடங்கள் ஈரத்தில் மிகவும் வழுக்கும் என்பதால், நல்ல பிடிப்புள்ள காலணியையும் ஊன்றுகோலையும் மறக்கக் கூடாது. கோலின் உலோக நுனி பழைய கற்களைக் கீறிவிடும். ரப்பர் மூடி போட்டுக்கொள்ளுங்கள். கோடையில் செல்பவர்கள் மாமுஷி என்னும் விரியன் பாம்பையும் பெருங்குளவிகளையும் மனத்தில் கொண்டு, தடத்தை விட்டுப் புதருக்குள் காலை வைக்காதிருக்க வேண்டும்.

திட்டமிடும்போது முதலில் முடிவு செய்ய வேண்டியது இரவுத் தங்கல். ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடப்பது என்பது அதற்குப் பிறகுதான் தீர்மானமாகும். வழியிலுள்ள ஊர்கள் மிகச் சிறியவை. ஒவ்வொன்றிலும் சில வீட்டு விடுதிகளே உள்ளன. ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரையிலான தொடர் விடுமுறையிலும் இலையுதிர்கால வார இறுதிகளிலும் அவை பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். தனாபே நகரின் குமானோ சுற்றுலா அமைப்பு நடத்தும் முன்பதிவுத் தளத்தில் ஆங்கிலத்திலேயே விடுதி, மதிய உணவுப் பொதி, சுமைகளை அடுத்த விடுதிக்கு வண்டியில் அனுப்பும் சேவை ஆகிய மூன்றையும் பதிவு செய்யலாம். இரண்டு வேளை உணவுடன் ஆளுக்கு ஓர் இரவுக்கு 10,000 யென்னுக்கு மேல் ஆகும். பல இடங்களில் ரொக்கம்தான் செல்லும். வழியில் வங்கி இயந்திரத்தை எதிர்பார்க்காமல், தனாபேயிலேயே பணம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மின்ஷுகு எனப்படும் இந்த வீட்டு விடுதிகளில் இரவு உணவு ஆறு மணியளவில் தயாராகிவிடும். அதற்குச் சற்று முன்பே சென்று சேர்ந்து, காலணியை வாசலிலேயே கழற்றி, குளித்து முடித்திருக்க வேண்டும். பொதுத் தொட்டிக்குள் இறங்கும் முன் வெளியே அமர்ந்து உடலை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டிக்குள் சோப்பும் துண்டும் கூடாது. வர இயலாமல் போனாலோ தாமதமானாலோ விடுதிக்குத் தவறாமல் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு வராத யாத்திரிகர் காட்டில் விழுந்து கிடக்கிறாரோ என்று அவர்கள் அஞ்சுவார்கள்.

சைவ உணவு உண்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மீனோ இறைச்சியோ கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், மிசோ சூப்பு, நூடுல்ஸ் சாறு, வேகவைத்த காய்கறி என ஏறக்குறைய எல்லாவற்றிலும் உலர்த்திய கட்சுவோ மீனில் எடுத்த டாஷி என்னும் சாறு கலந்திருக்கும். கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து எடுத்த சாற்றில் சமைத்துத் தர இயலுமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். வந்து இறங்கிய மாலையில் கேட்டால், அந்தச் சிறு வீட்டின் அடுப்பங்கரையில் மாற்று எதுவும் இருக்காது. வெறுஞ்சோறும் டோஃபுவும், இந்த வட்டாரத்துக்கே பெயர் பெற்ற உமேபோஷி ஊறுகாயும் எங்கும் கிடைக்கும். ஊறவைத்த கடுகுக்கீரை இலையில் சோற்றைப் பொதிந்த மெஹரிசுஷி இவ்வூர்களின் பழைய கட்டுச்சோறு. நடைக்கு அதைவிட நல்ல உணவை நான் அறியேன். கையோடு கொஞ்சம் பருப்புப்பொடி எடுத்துச் சென்றால் வெறுஞ்சோற்றுக்கு உதவும்.

ஷின்-ஒசாகாவிலிருந்து குரோஷியோ விரைவு ரயிலில் கீ-தனாபே நிலையம் இரண்டேகால் மணி நேரம். அங்கிருந்து தகிஜிரிக்குப் பேருந்தில் சுமார் நாற்பது நிமிடம். காலையில் ஒசாகாவை விட்டால் நண்பகலில் நடையைத் தொடங்கலாம்.

தகிஜிரி இரண்டு ஆறுகள் கூடுமிடம். பண்டைய யாத்திரிகர்கள் அங்கே நீராடிய பின்னரே குமானோவின் புனித எல்லைக்குள் புகுந்தார்கள். சந்நிதிக்குப் பின்னாலேயே வேர்களும் கற்களுமாக ஏற்றம் தொடங்கிவிடும். முழு வழியிலும் மிகக் கடுமையான பகுதிகளுள் அது ஒன்று. அங்கே மூச்சு வாங்கினால் மனம் தளர வேண்டாம். முதல் நாள் நான்கு கிலோமீட்டர் மட்டும் ஏறி, மலைமுகட்டு ஊரான தகாஹாராவில் தங்கிவிடுங்கள். முதிர்ந்த கற்பூர மரங்களின் நிழலில் நிற்கும் அவ்வூர்க் கோயில், இவ்வழியில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டடங்களுள் ஒன்று. பின்மதியத்தில் தொடங்கி அதற்கு மேலும் நடக்க முயல்வது நல்லதன்று. நவம்பரில் ஐந்து மணியளவிலேயே சூரியன் மறையும். உயர்ந்த மரங்களின் கீழே அதற்கும் முன்பாகவே இருட்டும். கைவிளக்கு எப்போதும் பையில் இருக்கட்டும்.

வழி தவறும் அச்சம் குறைவு. தகிஜிரியிலிருந்து ஒவ்வொரு 500 மீட்டருக்கும் எண்ணிட்ட கம்பம் இருக்கிறது; ஹோங்குவை நெருங்கும்போது 75-ஆம் எண் வந்திருக்கும். உதவி கேட்க நேர்ந்தால் கடைசியாகக் கடந்த கம்பத்தின் எண்ணைச் சொன்னாலே இடம் தெரிந்துவிடும். ஆம்புலன்ஸுக்கு 119-ஐ அழைக்க வேண்டும். வேறு தடங்கள் பிரியும் இடங்களில் ‘இது குமானோ கோடோ அன்று’ என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காடும் பள்ளத்தாக்குமாக ஏறி இறங்கினால், எருதின் மீதும் குதிரையின் மீதும் ஒருசேர அமர்ந்த சிறுவனின் சிறிய கற்சிலையைக் கடந்து சிகட்சுயு ஊர் வரும். நொறுக்குத்தீனியும் பழமும் வாங்க இங்கே கடை உண்டு. இதற்கு அப்பால் ஹோங்கு வரை கடையை நம்ப முடியாது. இன்னும் நான்கு கிலோமீட்டர் நடந்து ட்சுகிஸாகுரா சந்நிதியை அடைந்தால், கிளைகளையெல்லாம் ஒரே பக்கமாக, நாச்சி இருக்கும் தெற்குத் திசைக்கே நீட்டி நிற்கும், சுகி என்னும் மாபெரும் ஊசியிலை மரங்களைக் காணலாம். 1906-இல் ஜப்பானிய அரசு சிறு கோயில்களை ஒன்றிணைக்கும் ஆணையைப் பிறப்பித்தபோது, ஆயிரக்கணக்கான கோயில்களும் அவற்றின் தோப்புகளும் அழிந்தன. தனாபேயில் வாழ்ந்த இயற்கை அறிஞர் மினகாதா குமகுசு அதை எதிர்த்துத் தொடர்ந்து போராடியதால்தான் இந்தச் சில மரங்களாவது தப்பின. நீங்கள் நடக்கும் காட்டின் பெரும்பகுதி மரத்தேவைக்காக வரிசையாக நட்டு வளர்த்த சுகி, ஹினோகி தோட்டமே. அதை அறிந்தவர்கள்தான் இந்தப் பழைய மரங்களின் முன்னே போதிய நேரம் நிற்பார்கள். அன்றிரவு தங்க வேண்டியது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். அருகிலுள்ள நோனாகா ஊற்றில் குடிநீரை நிரப்பிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாளின் 21 கிலோமீட்டருக்கு எட்டு மணி நேரமாவது வேண்டும். ஏழு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். 2011 செப்டம்பர் புயலில் இவாகாமி கணவாய்ப் பக்கம் மலை சரிந்ததால், அங்கே மாற்றுவழி அமைத்தார்கள். பழைய வரைபடம் எப்படிக் காட்டினாலும் தடத்திலுள்ள பலகை காட்டும் திசையிலேயே செல்ல வேண்டும். ஹொஷின்மோன் சந்நிதியிலிருந்து தேயிலைத் தோட்டங்களும் வீடுகளுமாகப் பாதை இளகுகிறது.

ஹோங்கு கோயிலுக்கு 158 படிகள். கைகளையும் வாயையும் நீரால் தூய்மை செய்து, இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவது ஜப்பானின் பழைய ஷிந்தோ மதக் கோயில்களின் முறை. பௌத்தக் கோயில்களில் கைதட்டக் கூடாது. வணங்கியதும் திரும்பிவிடாமல், கீழே ஆற்றங்கரையிலுள்ள ஓயுனோஹாராவுக்கும் செல்லுங்கள். 1889-ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் செல்லும் வரை கோயில் நின்றது அந்த மணல்திட்டில்தான், இப்போது 33.9 மீட்டர் உயரத் தோரண வாயில் அதைக் காட்டுகிறது. ஸ்பெயினின் சாண்டியாகோ வழியையும் நடந்து முடித்தவர்களுக்கு, இரு வழி யாத்திரிகர் என்ற சான்று ஹோங்குவில் கிடைக்கும். அதற்கு வழிச் சந்நிதிகளில் மரப்பெட்டிக்குள் உள்ள முத்திரைகளைக் கையேட்டில் பதித்து வர வேண்டும். அன்றிரவை யுனோமினே வெந்நீர் ஊற்றூரில் கழிப்பது கால்களுக்கு நல்லது. அங்குள்ள ட்சுபோயு என்னும் சிறு குளியலறை உலகப் பாரம்பரியத்தில் சேர்ந்தது. அரை மணி நேரம் வீதம் முறை வைத்து விடுகிறார்கள்.

மேலும் இரண்டு நாட்கள் உள்ளவர்கள் ஹோங்குவுக்கு அருகிலுள்ள உகேகாவாவிலிருந்து கோகுச்சி வழியாக நாச்சிக்கு நடக்கலாம். கோகுச்சிக்குப் பின் சுமார் 800 மீட்டர் உயரத்துக்கு விடாமல் ஏறும் தோகிரிஸாகா சரிவு முந்தைய எல்லா ஏற்றங்களையும் விடக் கடினம். கனமழை எச்சரிக்கை இருந்தால் அதைத் தவிர்த்துப் பேருந்தில் செல்லுங்கள். அச்சரிவின் தொடக்கத்தில் வரோதா என்ற பெரிய வட்டப் பாறையில் மூன்று தெய்வங்களுக்குரிய மூன்று எழுத்துகள், இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு சென்ற சித்த மாத்திருகை வரிவடிவில் செதுக்கப்பட்டுள்ளன. நாச்சியில் 133 மீட்டர் அருவியும் கோயிலும் செய்கான்தோஜி என்ற பௌத்த ஆலயமும் அருகருகே நிற்கின்றன. அந்த ஆலயத்தை, கடலில் மிதந்து கரை சேர்ந்த ஓர் இந்தியத் துறவி நிறுவியதாக ஐதிகம். கீழே கடற்கரையிலுள்ள ஃபுதராகுசான்ஜியிலிருந்து, போதிசத்துவர் அவலோகிதர் உறையும் போதலக மலையைத் தேடி, மூடிய படகுகளில் துறவிகள் திரும்பா வழியாகக் கடலுக்குள் சென்றார்கள். ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி சுவான்சாங் அந்த மலையைத் தென்னிந்தியாவின் மலய மலைக்குக் கிழக்கே குறிப்பிடுகிறார். நம் பொதிகைதான் அது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. தமிழர்கள் அந்தச் சிறிய கோயிலுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கலாம்.

அது நாச்சி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அருகிலுள்ள கீ-கட்சுஊராவிலிருந்து குரோஷியோ ரயிலில் ஒசாகாவுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். நகோயா செல்பவர்களுக்கு நான்கி விரைவு ரயில் உண்டு. நாளொன்றுக்குச் சில வண்டிகளே என்பதால், திரும்பும் நாளின் நேரத்தை விடுதி பதிவு செய்யும்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.